அறிகை உளநூலும் அந்தக்கரண விசாரமும்

உயிர் ஒரு பொருளை அறியுமிடத்துத் தனித்து நின்று அறிவதில்லை. கருவிகளோடு கூடி நின்றே அறியும் என்பது சித்தாந்த நூல் பயின்றார் யாவர்க்கும் உடன்பாடு. அக்கருவிகள் தொழிற்படும் முறை யாது, அவற்றின் எல்லை யாது, ஒன்று குன்றியவழி அறிவு எங்ஙனம் குன்றும் என்னும் வினாக்களை மேனாட்டறிஞர் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகச் சோதனை முகத்தான் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் ஒரு கிளையே இன்று அறிகை உளவியல் எனப் பெயர் பெற்று வழங்குவது. நம்மவருட் சிலர் அதனை உலகாயதத்தின் மறுபிறப்பென்று கூறி ஒதுக்குவர். வேறு சிலர், அதன்கட் கூறப்படுவன அனைத்தும் நம் முன்னோர் மொழிந்தனவே என்று கூறி அமைவர். ஒதுக்குதற்கும் உடன்படுதற்கும் முன்னர்க் கற்றல் வேண்டுமன்றோ? ஆகலின் அந்நூலின் அடிப்படைக் கருத்துக்களையும் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்க உரைத்து, அது நமக்குப் பயன்படும் இடத்தையும், அது பேசாது நின்றுவிடும் இடத்தையும் காட்டப் புகுகின்றாம்.

அறிகை என்பது ஒரு தொழிலன்று. பல தொழில்களுக்குப் பொதுப்பெயர். புலன்வழி வந்தவற்றை ஏற்றல், அவற்றுள் வேண்டுவதனைத் தெரிந்தெடுத்தல், முன்னறிந்ததனோடு பொருத்திப் பொருள்கோடல், உள்ளத்தே இருத்தல், வேண்டியபொழுது மீட்டல், மீட்டதுகொண்டு கருதித் துணிதல் என்பன அவை. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்துணை விரைவிற்று, எத்துணை கொள்ளும், எவ்விடத்துப் பிழைக்கும் என அளந்து காண்டலே இந்நூலின் கடன்.

இத்தொழில்களை ஒரு காட்சியில் வைத்து விளக்குவாம். புதுவை நகரின் வடபாற் கடற்கரையில் உள்ளது வைத்திக்குப்பம் என்னும் மீனவரூர். மாசிமகத்தன்று மயிலம் முருகப்பெருமான், மணக்குள விநாயகர், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள் முதலாகப் பல திருக்கோயில் உற்சவ மூர்த்திகள் அவ்வூர்க் கடற்கரைக்கு எழுந்தருளத் தீர்த்தவாரி நிகழ்தல் வழக்கம். அம்மணற்பரப்பில் நிற்கும் ஒருவன் செவியில் நாதசுரமும் தவிலும், அலையோசையும், கடைகாரர் கூவலும், பெருந்திரளின் பேச்சும் ஒருங்கே புகுகின்றன. எனினும் உடன் வந்தார் உரையை மட்டும் அவன் கேட்டு விடை கூறுகின்றான். ஏனைய ஒலிகள் செவியிற் படாமலில்லை, பட்டும் அறியப்படவில்லை. இங்ஙனம் தெரிந்தெடுத்தலே கவனம் எனப்படும்.

இதனைக் காலின் செரி என்பார் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையால் அளந்து காட்டினார். இரு செவியிலும் வெவ்வேறு உரையைச் செலுத்தி, ஒன்றனை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லப் பணித்தவழி, மற்றைச் செவியிற் புக்கதன் பொருளைக் கேட்டார் கூறமாட்டாராயினர். 1959-இல் நெவில் மோரே என்பார் கவனியாச் செவியிற் கேட்பாரின் பெயரையே செலுத்தினார். மூன்றிலொரு பங்கினர் அதனை உணர்ந்தனர். ஆகவே கவனம் முற்றும் அடைத்த கதவன்று. சிறிது திறந்த கதவு என்பது பெறப்பட்டது.

அக்கடற்கரையில் நிற்பான் தொலைவில் அசைந்துவரும் ஒளியொன்றைக் காண்கின்றான். முதற்கண் ‘யாதோ ஒன்று’ என்றும், பின்னர் ‘எழுந்தருளும் மூர்த்தி’ என்றும், அதன்பின் ‘மயிலம் பெருமான்’ என்றும் தெளிகின்றான். கண்வழி வந்தன நிறமும் வடிவுமே. ‘மயிலம் பெருமான்’ என்னுந் துணிபு முன்னறிவு வந்து கூடியதனாற் பிறந்தது. எனவே காட்சியும் வாளா ஏற்கப்படுவதன்று. உள்ளத்தின் தொழிலாற் கூட்டி முடிக்கப்படுவது என்பர் அந்நூலார். நம் அளவை நூல்களில் நிருவிகற்பம், சவிகற்பம் எனக் காட்சியைப் பகுத்தமை ஈண்டு நினைவுக்கு வரும்.

இனி நினைவு. ஒருவர் பத்திலக்கத் தொலைபேசி எண்ணைச் சொல்ல, எழுதுமளவும் அதனை வாயுள் உருவேற்றிக் காக்கின்றோம். இடையில் ஒருவர் வினவினால் அது மறைந்தொழிகின்றது. இது குறுநினைவு. சிறுவயதிற் கண்ட தீர்த்தவாரி இன்றும் நினைவில் நிற்பது நெடுநினைவு. நெடுநினைவும் ஒரு தன்மைத்தன்று. ‘மாசிமகம் இன்ன நாள்’ என்றறிவது வேறு. ‘யான் அந்நாளிற் கண்டது இது’ என்று நினைவது வேறு என 1972-இல் எண்டெல் டல்விங் பகுத்துக் காட்டினார். வலை வீசுதல், படகு தள்ளுதல் போன்ற கைப்பழக்கம் இவ்விரண்டின் வேறாய மூன்றாவது வகை.

இம்மூன்றாவது வேறென்பது ஒரு நோயாளியின் வாழ்க்கையால் வெளிப்பட்டது. அமெரிக்க நாட்டு ஹென்றி மொலேசன் என்பார்க்கு வலிப்பு நோய் நீங்கும் பொருட்டு 1953-இல் மூளையின் இருபாலும் உட்புறத்தே ஒரு பகுதி அறுத்து நீக்கப்பட்டது. அன்றுமுதல் 2008-இல் இறக்குந்துணையும் அவர் புதியதாக நிகழ்ந்ததொன்றனையும் நினைவில் நிறுத்தமாட்டாராயினர். ஆயினும், கண்ணாடியிற் பார்த்து விண்மீன் வடிவம் ஒன்றை வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் அவர்க்குத் தந்தபொழுது, நாளுக்கு நாள் அவர் கை திருந்திற்று. முன்னாள் வரைந்தமையை அவர் அறிந்திலர். கை மட்டும் தேர்ந்தது. நினைவென நாம் ஒருசொல்லாற் கூறுவது பல கருவிகளின் தொழில் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

இனி இந்நூலின் வரலாறு கூறுவாம். செர்மனி தேயத்து லைப்சிக் நகரில் 1879-ஆம் ஆண்டு வில்லெம் வுண்ட் என்பார் உளநூற்கெனச் சோதனைச்சாலை ஒன்று நிறுவினார். அவர் காலத்து எபிங்காஸ் என்பார் பொருளில்லா அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். மறந்ததனை மீட்டுங் கற்கும்பொழுது முன்னைக் கல்வியால் எவ்வளவு உழைப்பு மிஞ்சுகின்றது என்பதே அவர் அளவுகோல். ஒருமணி கழிந்தபின் நூற்றுக்கு 44, ஒருநாள் கழிந்தபின் 34, முப்பத்தொருநாள் கழிந்தபின் 21 என்னும் அளவில் அது நின்றது. மறதி முதலில் விரைந்து பாய்ந்து, பின்னர் மெல்லச் செல்லும் என்பது இதனாற் போந்தது.

வுண்ட் வழியினர் தத்தம் உள்ளத்தைத் தாமே நோக்கிக் கூறுவதனையே சான்றாகக் கொண்டனர். ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றோடு முரணியவழித் தீர்ப்பதற்கு வழியில்லாதாயிற்று. இதனை வெறுத்த அமெரிக்கராகிய ஜான் வாட்சன் 1913-இல் புதுநெறி ஒன்று வகுத்தார். உள்ளம் எவர்க்கும் புலனாவதன்று, புலனாவது செயலே, தூண்டுதலையும் செயலையும் அளப்பதே உளநூல், உள்ளத்தைப் பற்றிய பேச்சு வேண்டா என்பது அந்நெறி. காட்சி ஒன்றே அளவை என்றாரது கூற்றோடு இஃது உறவுடைத்தாதல் காண்க. அமெரிக்காவில் இக்கொள்கை நாற்பதாண்டுக்கு மேல் மேலோங்கி நின்றது. அதனால் விளைந்த நன்மையும் உண்டு. சோதனையிற் கண்டிப்பும், சான்றில்லாதவழி வாயடங்கலும் அதனாற் கைவந்தன.

எனினும் அக்கொள்கை தன் களத்திலேயே இடர்ப்பட்டது. சிக்கல் வழிகளில் எலிகளை ஓடவிட்டு ஆராய்ந்த எட்வர்டு டோல்மன், பழகிய வழி அடைபட்டவிடத்து அவை இரையிருக்கும் திசைநோக்கிப் புதுவழி பற்றுதலைக் கண்டார். செயற்பழக்கம் ஒன்றே உளதாயின் இது கூடாது. இடத்தின் படமொன்று உள்ளே அமைந்திருத்தல் வேண்டும் என 1948-இல் எழுதினார். இதனை அறிதற்கு எலியும் வேண்டுவதின்று. நம் நாட்டுக் கடலோர மீனவர் பலர் கரையிலுள்ள கோபுரம், மரம் முதலிய அடையாளங்கள் இரண்டு ஒருநேராய்த் தோன்றுதலை நோக்கியும், வேறொரு பாலில் அத்தகைய நேர் ஒன்றைக் கொண்டும், நடுக்கடலில் தாம் நிற்குமிடத்தைத் துணிந்து மீன்றளத்தை அடைந்து வந்தனர். நீர்ப்பரப்பில் வழியென ஒன்று வரையப்பட்டிலது. வழி அவருள்ளத்தே உளது.

இங்கிலாந்திலும் பிரெடெரிக் பார்ட்லெட் 1932-இலும், அவர் மாணாக்கராகிய கென்னத் கிரெய்க் 1943-இலும் உள்ளமைப்பைப் பற்றியே பேசினர். புறவுலகின் சிறுபடிவம் ஒன்றை உள்ளத்தே அமைத்துக்கொண்டு நாம் கருதுகின்றோம் என்பது கிரெய்க் கொள்கை. மொழியைப் பழக்கத்தின் விளைவாகவே விளக்கப் புகுந்த ஸ்கின்னரது 1957-ஆம் ஆண்டு நூலினை 1959-இல் மறுத்த நோம் சாம்ஸ்கி, குழந்தை தான் முன்பு கேளாத தொடரையும் தானே ஆக்கிக் கூறுதலை எடுத்துக்காட்டினார். இதனிடையே கணிப்பொறி தோன்றிச் செய்தியை ஏற்றல், வைத்தல், மீட்டல் என்பவற்றை ஐயமின்றிப் பேசுதற்குரிய சொற்களைத் தந்தது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாசச்சூசெட்சு மாநிலத்தில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஜார்ஜ் மில்லர், நியூவெல், சைமன், சாம்ஸ்கி என்பார் தத்தம் ஆராய்ச்சிகளை உரைத்தனர். அதனையே இந்நூலின் பிறந்தநாள் எனக் கூறுவாரும் உளர். 1967-இல் உல்ரிக் நைசர் எழுதிய நூல் இத்துறைக்குப் பெயரை நிலைநாட்டிற்று.

இவ்வரலாற்றிற் சைவ நன்மக்கள் கருதற்பாலது ஒன்றுண்டு. ‘காணப்படாதது ஆராய்ச்சிக்கு உரியதன்று’ என்றார் கொள்கை, காணப்படாத பிறிதொன்றால் வெல்லப்பட்டிலது. காணப்பட்ட செயலையே அது விளக்கமாட்டாமையால் தளர்ந்தது. புகையாற் றீயைக் கருதுமாறு போலச் செயலால் உள்ளமைப்பைக் கருதியறிந்தனர். காண்டலோடு கருதலும் அளவையாதல் சோதனைச்சாலையினுள்ளும் இன்றியமையாததாயிற்று என்க.

நம் நாட்டிற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இலும், மைசூரில் 1924-இலும், சென்னையில் 1943-இலும் உளநூற்றுறைகள் தொடங்கின. ஆயின் கவனமும் நினைவும் தமிழ்நாட்டிற்குப் புதிய பொருள்கள் அல்ல. அவதானம் என்னுஞ் சொல்லின் பொருளே கவனம். ஒரேபொழுதில் பலர் வினாவும் வினாக்களுக்கு விடையும், கேட்ட ஈற்றடிக்குப் பாட்டும், எறியப்பட்ட பொருள்களின் எண்ணிக்கையும் தவறாது கூறும் அட்டாவதானிகளும் சதாவதானிகளும் நம்மிடையே விளங்கினர். யாழ்ப்பாணத்துப் புலோலியிற் பிறந்து 1907-இல் மறைந்த சைவப் பேரறிஞர் சதாவதானம் நா. கதிரைவேற்பிள்ளையவர்களை அறியாதார் யார்? அவ்வாண்டிலேயே கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் நிகழ்த்தினார். பிரஞ்சு நாட்டில் ஆல்பிரட் பினே என்பார் பெருங்கணக்கரையும், பலகை பாராது சதுரங்கமாடுவாரையும் சோதித்து 1894-இல் நூலெழுதினார். அன்று பிரஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு அண்மையிலேயே அவதானிகள் வாழ்ந்திருந்தும், அத்தகைய சோதனை அவர்பால் நிகழாமற்போயது இழப்பே.

ஈண்டொரு தடை எழும். குறுநினைவு ஏறக்குறைய ஏழு பொருள்களையே கொள்ளும் என 1956-இல் மில்லர் எழுதினார். நான்கே என 2001-இல் நெல்சன் கோவன் குறைத்தார். அற்றேல் நூறு பொருளை அவதானி கொள்ளுதல் யாங்ஙனம் எனின், கூறுதும். மில்லர் எண்ணியது தனியெழுத்தையன்று, கோவையை. பல உறுப்புக்கள் ஒரு பொருளாய்க் கோக்கப்படின் அஃது ஒன்றாகவே எண்ணப்படும். 1980-இல் எரிக்சன், சேஸ், பலூன் என்பார் வெளியிட்ட சோதனையில் ஒரு மாணாக்கர் 230 மணிநேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியால் ஏழு இலக்க அளவினின்று 79 இலக்கங்களை ஒருமுறை கேட்டு ஒப்பிக்கும் அளவிற்கு உயர்ந்தார். அவர் ஓட்டப்பந்தயத்திற் பழகினவர். இலக்கங்களை ஓட்டநேரங்களாகக் கோத்துக்கொண்டார். ஆனால் இலக்கத்துக்கு மாறாக எழுத்துக்களைக் கூறியபொழுது ஆறளவிற்கே திரும்பினார். பெருகியது கொள்கலமன்று, கோக்கும் வன்மையே. எதுகையும் மோனையும் சீரும் தளையும் நம் புலவர்க்கு இத்தகைய கோவைக் கயிறுகளாய் உதவின என யாம் கருதுகின்றோம்.

இவ்வாராய்ச்சியால் நம் மடங்களுக்கும் பாடசாலைகளுக்கும் வரும் பயன் யாதெனின், இரண்டு கூறுவாம். முதலாவது கற்பிக்கும் முறை பற்றியது. திண்ணைப்பள்ளியில் முறை வைத்து ஒப்பித்தல் இருந்தது. இன்று புத்தகத்தைப் பலமுறை படித்தலும், பதிவுசெய்த ஓதலைக் கேட்டலுமே பெருகிவருகின்றன. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர், ஒரு பகுதியை இருமுறை படித்தாரையும், ஒருமுறை படித்து ஒருமுறை பாராது நினைந்தெழுதினாரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடங் கழித்து வினவியபொழுது முன்னவர் நூற்றுக்கு 81-உம் பின்னவர் 75-உம் கூறினர். ஒருவாரங் கழித்து வினவியபொழுது முன்னவர் 42-ஆகத் தாழ்ந்தனர். பின்னவர் 56-இல் நின்றனர். மீளப் படித்தல் அப்பொழுது இனிக்கும். மீட்டுச் சொல்லுதல் பின்னும் நிற்கும். ஆகவே திருமுறை பயிலும் சிறாரைப் பாராது ஒப்பிக்கச் செய்யும் பழைய வழக்கை, பழைமை பற்றியன்று, பயன் பற்றியே காத்தல் வேண்டும். பொருளுணராத வெறும் உருவும் போதாது. பொருளும் கோவைக்கயிறே யாதலின்.

இரண்டாவது, நினைவைச் சான்றாகக் கோடல் பற்றியது. பார்ட்லெட் தம் மாணாக்கர்க்குப் பிறநாட்டுக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள் கடந்து சொல்லச் செய்தார். தமக்குப் பழக்கமில்லாதவற்றை அவர்கள் விடுத்தும், பழகியதாக மாற்றியுங் கூறினர். நினைவென்பது பெட்டியில் வைத்ததனை எடுத்தலன்று. மீட்டுந்தோறும் புதுக்கிக் கட்டுதல் என்று அவர் முடித்தார். 1986-இல் அமெரிக்க விண்கலம் ஒன்று வெடித்த மறுநாளில் மாணாக்கர் எழுதியதனையும், ஆண்டுகள் சில சென்றபின் அவரே கூறியதனையும் நைசர் ஒத்துநோக்கினார். பலர் சிறிதும் ஐயமின்றிப் பிழைபடக் கூறினர். உறுதி உண்மைக்கு அளவுகோலன்று என்பது இதன் கருத்து. ‘எம் ஆசிரியர் இங்ஙனமே உரைத்தார்’ என்று பாடத்திலும் பொருளிலும் நாம் வாதிடும்பொழுது இதனை உள்ளத்திற் கொள்ளவேண்டும். ஓதுவார் மரபு பண்ணையும் ஓசையையும் காக்கும். ஓலை எழுத்தைக் காக்கும். ஒன்று மற்றொன்றைத் திருத்தும். புதுவையில் 1955-இல் தோன்றிய பிரஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றில் தொகுக்கப்பட்ட, ஏறக்குறைய 11,000 எண்ணும் சைவ ஏடுகளை ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகமாகிய யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. ‘உலக நினைவு’ என்னும் அப்பெயர் மிகவும் பொருந்தியதே. தனிமாந்தர் நினைவு வழுவுமிடத்து ஊன்றுகோலாய் நிற்பது ஏடன்றோ?

இனி அந்நூல் நின்றுவிடும் இடத்தைக் காட்டுவாம். மனம் என்பது கவனம், சித்தம் என்பது நினைவு, புத்தி என்பது துணிபு என ஒன்றோடொன்றை ஒட்டவைத்து மகிழ்வார் உளர். அது பொருந்தாது. அந்தக்கரணங்கள் மாயையினின்று தோன்றிய தத்துவங்களாக வைத்து, உயிரின் கட்டும் வீடும் உணர்த்தற்பொருட்டு வகுக்கப்பட்டன. அறிகை உளநூலின் பகுப்போ சோதனையில் அளக்கப்படும் தொழில்பற்றியது. புதுச்சோதனை வரின் மாறுவது. நேற்று ஏழென்றது இன்று நான்காயிற்று. இத்தகையதன்மேற் சித்தாந்தத்தைக் கட்டின், அது மாறுந்தோறும் சித்தாந்தமும் ஆடும்.

மற்று, மூளையின் ஒரு பகுதி நீங்க நினைவு நீங்கிற்றாகலின், அக்கருவியே அறிவான் எனக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரோடு கூடி நின்றாற்போல அவற்றோடு கூடி அவத்தைப்படும் என்றும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் நிறுவுகின்றது. நனவின்கண் முப்பத்தைந்து கருவிகளோடு நின்ற உயிர் கனவில் இருபத்தைந்தோடும், உறக்கத்தில் மூன்றோடும் நிற்கும் என ஆசிரியர் கூறுதலின், கருவி குறைய விளக்கமுங் குறையும் என்பது நமக்கு உடன்பாடே. கருவியின்றி விளங்காமை உயிரின் இயல்பு. அதனாற் கருவியே உயிராகாது. ஆயினும் இவ்விடை நம் அளவைவழி வந்தது, சோதனைச்சாலைவழி வந்ததன்று. உள்ளத்தின் தொழிலை அளப்பார் ‘அறிவான் யார்’ என்னும் வினாவை எடுத்துக்கொண்டிலர். எடாத வினாவிற்கு அவரை நம்பக்கற் சான்றாக அழைத்தலும், பகைவராக வைத்து இகழ்தலும் முறையல்ல.

கருவியின் இயல்பை நன்குணர்ந்தான் கருவியைத் தானென மயங்கான். அக்கருவியின் எல்லையையும் வழுவையும் எண்ணிட்டு அளந்து தரும் நூல், அத்தெளிவிற்கு முதற்படியாய் உதவத்தக்கது. ஆகலின் மடத்துக் கழகங்களிற் சித்தாந்த சாத்திரம் பயில்வார் அளவையியலைத் தொடங்குமுன் அறிகை உளநூலின் முதற்பாடங்களையும் ஒருமுறை பயில ஏற்பாடு செய்தல் நலம். எவ்வளவு சோதனையாற் பெறப்பட்டது, எவ்வளவு நூலாற் பெறப்பட்டது என்பதனை வரைந்து காட்டிக் கற்பிப்பின், மாணாக்கர் இரண்டனையும் மயங்காது கற்பர்.